பனிக்காலையில் ஓணான் ஏன் ஓடுவதில்லை?

தை மாதத்து விடியலில் எங்கள் வளவு வேலிப் பக்கம் போனால், கிளுவைக் கதியாலில் ஒட்டியபடி ஒரு ஓணான் இருக்கும். உடம்பு கறுத்து, விலா இரண்டும் அகன்று, வெயில் வரும் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும். சித்திரையில் காலடிச் சத்தத்துக்கே காணாமல் போகிற அதே ஓணான்தான், இப்போது கைக்கெட்டும் தூரத்தில் நின்றாலும் அசையாது. போன கிழமை இன்னும் கிட்டப் போனேன். ஓடவில்லை, வாயைப் பிளந்துகொண்டு என் பக்கம் திரும்பியது.

சோம்பல் இல்லை இது. தசைக்குள் இரண்டு வகைப் புரத இழைகள் இருக்கின்றன. ஒன்றிலுள்ள நுண்ணிய தலைகள் மற்றதைப் பிடித்து இழுத்து, விட்டு, மறுபடி பிடிக்கும். தசை சுருங்குவது இப்படித்தான். பிடித்ததை விடும் வேலை வேதியியல் வேலை, சூடு குறைந்தால் அது மெதுவாகிவிடும். உடம்புச் சூடு 10 பாகை செல்சியஸ் இறங்கினால் தசை சுருங்கும் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. சுருங்கிய தசை தளர்வதற்கு, சுருங்கத் தூண்டிய கல்சியத்தைத் திரும்ப அதன் சேமிப்புப் பைகளுக்குள் இழுக்க வேண்டும், அதுவும் தாமதம். ஆனால் இழுவிசை ஒரே நேரத்தில் எத்தனை தலைகள் பிடித்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது, அதனால் அது அவ்வளவாகக் குறைவதில்லை. ஓட வேகம் வேண்டும், கடித்துப் பிடிக்க விசை போதும். 1982இல் வெளியான ஓர் ஆய்வில் பாலைவனத்து ஓணான்கள் இதையே செய்தன: சூடாக இருந்தவை ஓடின, குளிர்ந்திருந்தவை நின்று எதிர்த்தன. எங்கள் வேலிக்காரரும் அப்படித்தான் வாயைத் திறந்தார் என்று நினைக்கிறேன்.

இந்த நேரம் பார்த்துத்தான் பொடியள் கல்லெடுக்கிறார்கள், எறிந்தால் பிசகாமல் படும் என்று. பார்க்க எனக்கு மனம் கேட்பதில்லை.

எங்கள் ஊர்ப் பனியில் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது, அதுகூட ஓணானுக்குக் குளிர்தான், பகலில் திரியும் பல ஓணான் இனங்களுக்கு 30 பாகைக்கு மேலே போனால்தான் உடம்பு சொன்னபடி கேட்கும். ஐப்பசி, கார்த்திகை மாரியில் நாட்கணக்காக முகில் மூடிக் கிடந்தால் வெயில் காயவும் வழியில்லை.

பச்சோந்தியின் கதை வேறு. அதன் நாக்கை வெளியே எறிவது நேரடியாகத் தசை இல்லை. தசை முதலில் நாக்குக்குள் இருக்கும் மீள்தன்மையுள்ள திசுவை இழுத்து வைக்கிறது, அப்புறம் கெற்றப்போலின் (உண்டிவில்லின்) ரப்பரை விட்டதுபோல் அது பாய்கிறது. 2010இல் வெளியான ஆய்வில், 10 பாகை குறைந்தபோது எறியும் திறன் 10 முதல் 19 சதவீதம்தான் குறைந்தது. தசையே செய்யும் வேலையான நாக்கைத் திரும்ப உள்ளிழுப்பதோ 42 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. இரையைப் பிடித்த பிறகு கொஞ்சம் மெதுவாக இழுத்தால் என்ன?

குளிரோடு பல வாரங்கள் வாழ வேண்டியிருந்தால் தசையே மாறவும் செய்யும். இளம் உவர்நீர் முதலைகளைச் சில வாரங்கள் குளிர்ந்த நீரில் வைத்தார்கள், அவை குளிர்ந்த நீரில்தான் நன்றாக நீந்தின. தசையில் எரிபொருளைச் சக்தியாக்கும் நொதிகளின் செயற்பாட்டை உடம்பு காலத்துக்கேற்ப மாற்றிக்கொள்கிறது. மலைப்பாம்பு இன்னொரு வழி வைத்திருக்கிறது: முட்டைகளைச் சுற்றிக்கொண்டு தசைகளைத் துடிக்கவிட்டே சூடாக்குகிறது, ஊர்வனவற்றில் இது அபூர்வம்.

ஓணானுக்கு அன்றாடம் வெயில்தான். அன்றைக்கு ஒன்பதரை மணிக்கு வெயில் கதியாலில் முழுதாக விழுந்திருந்தது. கறுப்பு வெளிறி மண்நிறமாகியிருந்தது, தலையை இரண்டு தரம் மேலும் கீழும் ஆட்டியது. நான் கையைத் தூக்குமுன்பே பூவரசின் மறுபக்கம் போய்விட்டது.