மாவு பிசையும் முன்பே சொல்லிவிடுங்கள்

போன அக்டோபரில் இத்தாலியின் சொரென்டோ தீபகற்பத்தில், மாஸா லுப்ரென்ஸே பக்கம் ஓர் எலுமிச்சைப் பண்ணையில் பீட்சா வகுப்புக்குப் போயிருந்தேன். மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டிக் கல் அடுக்கிய தோட்டம். செஸ்ட்நட் மரக் கழிகளால் பந்தல் கட்டி, அதற்கடியில் எலுமிச்சை வளர்க்கிறார்கள். குளிர்காற்றும் ஆலங்கட்டியும் மரத்தைத் தொடாமல் இருக்க, முன்பெல்லாம் பந்தலின் மேல் வைக்கோல் பாய் விரிப்பார்களாம். கீழே கடல், எதிரே காப்ரித் தீவு. நீளமான மரமேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் நின்றோம். ஆளுக்கொரு மாவுக் குவியல், நடுவில் குழி, குழிக்குள் தண்ணீர்.

ஒரு பெண் மட்டும் மேசையைவிட்டு இரண்டடி தள்ளி, கையில் கைபேசியோடு நின்றாள். இருபத்தைந்து வயது இருக்கும். திருச்சிக்காரி, லண்டனில் வேலை.

“நீ பண்ணலையாம்மா?” என்று கேட்டேன்.

“எனக்குக் குளுட்டன் ஆகாது ஆன்ட்டி. ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் ஆசையா புக் பண்ணாங்க, கெடுக்க வேணாம்னு நான் எதுவும் சொல்லல. சும்மா போட்டோ எடுத்துட்டு இருக்கேன்.”

விசாரித்தால், அவளுக்கு இருப்பது சீலியாக் நோய். சிறுகுடலில் திசு எடுத்துப் பரிசோதித்து உறுதி செய்தது. சாப்பிட்டால் வயிறு கொஞ்சம் உப்பும் என்கிற சங்கதி அல்ல இது. கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் உள்ள குளுட்டன் என்ற புரதம் உள்ளே போனால் உடலின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலின் உட்சுவரை அரிக்கும். அவள் நின்ற இடத்தில், பன்னிரண்டு பேர் தட்டித் தூவிய மாவு காற்றில் மிதந்துகொண்டிருந்தது. அது மூக்கிலும் வாயிலும் படியும், எச்சிலோடு வயிற்றுக்குப் போகும். “சாப்பிடாமல் நின்றால் போதும்” என்று அவள் நினைத்திருந்தாள். முதலில் அவளைப் பந்தலுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய் முகமும் கையும் கழுவச் சொன்னேன். (அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பதினேழு வருடங்களாக மருத்துவமனை டயட்டீஷியனாக இருக்கிறேன். ஊருக்குத் திரும்பிய பிறகு, என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களிலேயே மூன்று பேர் இதே மாதிரி வகுப்புக்கு இத்தாலி போவதாகச் சொன்னார்கள். மூவரிடமும் ஒரே கேள்வி கேட்டேன்: “உங்க உடம்பைப் பத்திப் பண்ணைக்காரங்ககிட்ட சொல்லிட்டீங்களா?” மூவரும் சொன்ன பதில் ஒன்றுதான்: “அங்க போய்ப் பாத்துக்கலாம் மேடம்.”

அங்கே போய்ப் பார்த்துக்கொள்ள முடியாது. காரணம் மாவிலேயே இருக்கிறது.

அந்தத் தீபகற்பத்துக்கு அருகே உள்ள நேப்பிள்ஸ் நகரத்து பீட்சாவின் செய்முறையை ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் பாரம்பரிய உணவாகப் பதிவு செய்தது. அந்தப் பதிவின்படி 1 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 1.8 கிலோ மாவு, 50 முதல் 55 கிராம் உப்பு, 3 கிராம் ஈஸ்ட். பிசைந்த மாவு முதலில் 2 மணி நேரம் ஊற வேண்டும். பிறகு 180 முதல் 250 கிராம் வரையிலான உருண்டைகளாகப் பிடித்து, மறுபடி 4 முதல் 6 மணி நேரம் வைக்க வேண்டும். அதன் பிறகு 485 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும் அடுப்புத் தளத்தில் 60 முதல் 90 நொடிதான் வேகும். வகுப்போ மூன்று மணி நேரம். நீங்கள் கையால் பிசைகிற மாவு அன்று பீட்சா ஆவது அபூர்வம். நீங்கள் சாப்பிடப்போகும் உருண்டை காலையிலோ முந்தின இரவிலோ தயாராகி, மரப்பெட்டியில் துணி மூடி உட்கார்ந்திருக்கும். ராத்திரி அரைத்துக் கரைத்து வைத்த இட்லி மாவை, காலையில் விருந்தாளி வந்து “உப்பு வேண்டாமே” என்று சொன்னால் மாற்ற முடியுமா? அதே கதைதான். மேசை முன்னால் நின்று சொல்வது, பண்ணைக்காரருக்குக் கை கட்டிய பிறகு சொல்வது.

அந்த உப்பைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேலே சொன்ன அளவில் பிசைந்த மாவு மொத்தம் ஏறக்குறைய 2.85 கிலோ வரும். அதில் 250 கிராம் உருண்டைக்கு 4.4 முதல் 4.8 கிராம் உப்பு. ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவாக உப்பு சேர்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். தக்காளிச் சாறு, சீஸ், ஆலிவ், நெத்தலி எதுவும் வைக்காமலே, வெறும் ரொட்டியிலேயே அந்த அளவு கிட்டத்தட்ட முடிந்துவிடுகிறது. எல்லாப் பண்ணையிலும் இதே அளவுதான் போடுவார்கள் என்றில்லை, குறைத்துப் போடுகிறவர்களும் உண்டு. ஆனால் உப்பை அறவே எடுக்கவும் முடியாது. அதுதான் ஈஸ்ட் தறிகெட்டுப் பொங்காமல் பிடிக்கிறது, மாவுக்கு இழுவையும் கொடுக்கிறது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், இதய பலவீனத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கும் நான் சொல்வது இதுதான்: 180 கிராம் உருண்டை கேளுங்கள், அதிலும் பாதியைப் பக்கத்தில் இருப்பவரோடு பகிருங்கள், மேலே ஆலிவும் நெத்தலியும் பதப்படுத்திய இறைச்சியும் வேண்டாம். பேசில் இலையும் தக்காளியும் தாராளமாக வையுங்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு அதே உருண்டையில் இன்னொரு கணக்கு. 250 கிராமில் கோதுமை மாவு மட்டும் சுமார் 158 கிராம், மாவுச்சத்து 115 கிராமை ஒட்டி வரும். நம் வீட்டுச் சராசரி இட்லி பத்து தின்றதற்கு ஏறக்குறைய சமம். ஆனால் இட்லி போல அது உடனே சர்க்கரையை ஏற்றிவிட்டு இறங்காது. சீஸிலும் எண்ணெயிலும் உள்ள கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால், இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது அளவு நன்றாகவே இருக்கலாம். நான்கைந்து மணி நேரம் கழித்து, விடுதியில் தூங்கும்போது ஏறலாம். இன்சுலின் போடுகிறவர்கள் இதைப் பற்றித் தங்கள் மருத்துவரிடம் பயணத்துக்கு முன்பே பேசியாக வேண்டும். ஊசியை எப்படிப் பிரித்துப் போடுவது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், நான் கட்டுரையில் எழுதக் கூடாது.

வகுப்பு முடிந்ததும் சின்னக் கண்ணாடிக் குவளையில் லிமோன்செல்லோ வரும். அந்தப் பண்ணை எலுமிச்சையின் தோலைச் சாராயத்தில் ஊறவைத்துச் சர்க்கரைப் பாகு சேர்த்தது. இனிப்பாக இருப்பதால் சர்பத் மாதிரி குடித்துவிடுகிறார்கள். அதில் 30 சதவீதம் அளவுக்கு ஆல்கஹால் இருக்கும். இன்சுலினோ, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு ஆல்கஹால் பல மணி நேரம் கழித்துச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடலாம். பீட்சா ஏற்றுகிறது, லிமோன்செல்லோ இறக்குகிறது, சரியாகப் போய்விடும் என்று ஒருவர் என்னிடம் வாதம் செய்தார். இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை, ஒன்றையொன்று ஈடுகட்டுவதும் இல்லை. தயவுசெய்து அந்தக் குவளையைத் தள்ளி வையுங்கள். அதே எலுமிச்சையைத் தண்ணீரில் பிழிந்து தரச் சொன்னால் சந்தோஷமாகத் தருவார்கள்.

இனி சீஸ். நம்மவர்களில் சைவம் சாப்பிடுகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான், அதுவும் யாரும் ஏமாற்றாமலே. பாலைத் திரிக்கப் பயன்படும் ரென்னெட் என்ற நொதி, பாரம்பரிய முறையில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ் கன்றின் ரென்னெட்டில்தான் செய்யப்படுகிறது. அதன் விதிமுறையே அப்படி. பெகொரினோ ரொமானோ சீஸுக்கு ஆட்டுக்குட்டியின் ரென்னெட். நேப்பிள்ஸ் இருக்கும் கம்பானியா மாநிலத்தின் எருமைப் பால் மொசரெல்லா சீஸுக்கும் கன்றின் ரென்னெட்தான். இத்தாலியர் கண்ணில் சீஸ் பீட்சா சைவ உணவுதான், மேலே இறைச்சி இல்லையே. “வெஜெத்தரியானோ” என்று நீங்கள் சொன்னால் தலையாட்டிவிட்டு மொசரெல்லாவை வைப்பார்கள், அதில் அவர்கள் தவறு எதுவும் இல்லை. நீங்கள் கேட்க வேண்டியது ரென்னெட்டைப் பற்றி. இத்தாலியில் அதற்குக் “காலியோ” என்று பெயர். “காலியோ வெஜெடாலே” என்றால் தாவர ரென்னெட். அதில் செய்த சீஸ் இல்லையென்றால் தக்காளி, பூண்டு, ஓரிகானோ, ஆலிவ் எண்ணெய் மட்டும் சேர்த்த மரினாரா பீட்சா இருக்கிறது. நேப்பிள்ஸின் பழைய பீட்சாக்களில் ஒன்று, சீஸே கிடையாது. அதை ஓர் இறக்கமாக நினைக்க வேண்டாம்; எனக்கு அன்று மிகவும் பிடித்தது அதுதான்.

மாவிலோ பாத்திரத்திலோ பன்றிக் கொழுப்பு சேர்க்கிறார்களா என்றும் கேளுங்கள். பொதுப் பெயர் “ஸ்த்ருத்தோ”, நேப்பிள்ஸ் பக்கம் “சூன்யா” என்பார்கள். பீட்சா மாவில் வழக்கமாக இராது, பண்ணையில் கூடவே பரிமாறும் உப்பு ரொட்டிகளில் இருக்கலாம். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் கிரானா பதானோ சீஸைக் கவனிக்க வேண்டும். அதில் பெரும்பாலும் முட்டையின் வெள்ளைக்கருவிலிருந்து எடுத்த லைசோசைம் என்ற நொதியைச் சேர்க்கிறார்கள். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் லூபின் என்ற பயறை நினைவில் வையுங்கள். உப்புநீரில் ஊறவைத்துக் கொறிக்கத் தருவார்கள், சில குளுட்டன் இல்லாத மாவுகளிலும் கலந்திருக்கும். வேர்க்கடலை ஆகாதவர்களில் சிலருக்கு அதுவும் ஆகாது. கர்ப்பிணிகள், பச்சைப் பாலில் செய்த சீஸா என்று கேட்டுவிட்டு வாயில் வையுங்கள். குழந்தைகள் வேகாத மாவைக் கிள்ளித் தின்ன விடாதீர்கள், பச்சை மாவில் கிருமி இருக்கலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 வகை ஒவ்வாமைப் பொருட்களைப் பற்றிய தகவலை, பொட்டலம் கட்டாத உணவுக்கும் தந்தாக வேண்டும் என்பது 2011-இல் வந்த சட்டம். குளுட்டன் உள்ள தானியம், பால், முட்டை, வேர்க்கடலை, லூபின் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஆகவே கேட்பது உங்கள் உரிமை, தொந்தரவு அல்ல. சீலியாக் நோயைச் சமூக நோயாக அங்கீகரித்து இத்தாலி 2005-இலேயே தனிச் சட்டம் போட்டது. தமிழ்நாட்டில் இந்த நோய் வடஇந்தியா அளவுக்குக் காணப்படுவதில்லை, அதனால் நம்மிடையே அதைப் பற்றிய பேச்சும் குறைவு. இத்தாலியில் “சோனோ செலியாகா” என்று ஒரு பெண் சொன்னால், ஆண் என்றால் “சோனோ செலியாகோ”, அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. ஆனால் மாவு பறக்கும் பந்தலுக்குள் “குளுட்டன் இல்லாத பீட்சாவும் தருகிறோம்” என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். தனி மாவு மட்டும் போதாது. தனி இடம், தனிப் பாத்திரம், அடுப்பில் தள்ளும் தனித் துடுப்பு, அவை எல்லாம் இருக்கின்றனவா என்று கேளுங்கள். எத்தனை மணி நேரம் ஊறவைத்தாலும், புளித்த மாவுக் கரைசலில் செய்தாலும், கோதுமை கோதுமைதான்.

முன்பதிவு செய்யும்போதே நான்கு வரி எழுதி அனுப்புங்கள். என்ன நோய், எது ஆகாது, பட்டால் என்ன ஆகும், உங்களுக்கு என்ன செய்து கொடுக்க முடியும். பதில் எழுத்தில் வரட்டும். கடுமையான ஒவ்வாமை இருப்பவர்கள் அட்ரினலின் ஊசியை விடுதிப் பெட்டியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். இந்தப் பண்ணைகள் குறுகிய மலைப்பாதையில் இருக்கின்றன, ஆம்புலன்ஸ் வந்து சேர நேரமாகும். அவசர எண் 112.

அந்தப் பெண்ணின் விஷயத்தைப் பண்ணைக்கார அம்மாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு. முகம் மாறிவிட்டது. “நேற்றே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மாவு மூட்டையைப் பிரிப்பதற்கு முன்னால் காலையிலேயே இவளைத் தனியாக வரச் சொல்லியிருப்பேனே” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். முழங்கை வரை கையைக் கழுவி, மேலங்கியை மாற்றிக்கொண்டு, எங்களை யாரையும் உள்ளே விடாமல் அவளை மட்டும் வீட்டுச் சமையலறைக்குக் கூட்டிப் போனார். அந்தக் கடலோரத்தில், இரண்டு எலுமிச்சை இலைகளுக்கு நடுவே மொசரெல்லாத் துண்டை வைத்துத் தணலில் வாட்டும் பழக்கம் உண்டு. அதைச் செய்து கொடுத்திருக்கிறார். கூடவே செடியிலிருந்து அப்போது பறித்த தக்காளி.

அவள் தட்டோடு வெளியே வந்தபோது பந்தலுக்குள் நின்ற எங்களுக்கு எலுமிச்சை இலை வாசம் வந்தது. அவள் தோழிகள் பீட்சாவைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து, பந்தலுக்கு வெளியே இருந்த கல்திண்டுக்குப் போகப் பார்த்தார்கள். “கையக் கழுவிட்டு வாங்கடி” என்றாள் அவள். பீட்சாவை மேசையிலேயே வைத்துவிட்டுக் கழுவிக்கொண்டு போனார்கள்.