“போன வாரம் எடுத்த புத்தகம்தானே இது?”

எங்கள் நூலக மேசை முன்னால் நின்றுகொண்டு பெற்றோர் பிள்ளைகளிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. “வேற எடுடா, இதைத்தான் படிச்சிட்டியே!” பையன் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பான். குடும்ப விவகாரத்தில் நூலகருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஆனாலும், “எடுக்கட்டும்மா” என்று சொல்லி முத்திரையைக் குத்திவிடுவேன். இருபது ஆண்டுகளாகக் கிளை நூலகத்தில் உட்கார்ந்திருப்பவன் எடுத்துக்கொள்ளும் உரிமை அது.

இதற்கு ஆராய்ச்சியும் துணை நிற்கிறது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மூன்று வயதுக் குழந்தைகளுக்குக் கதை வாசித்துக் காட்டினார்கள். முடிவுகள் 2011இல் வெளிவந்தன. சில குழந்தைகளுக்கு ஒரே கதை திரும்பத் திரும்ப, மற்றவர்களுக்கு வெவ்வேறு கதைகள். புதுச் சொற்கள் காதில் விழுந்த எண்ணிக்கை இரு பக்கமும் ஒன்றே. ஆனால் ஒரே கதையைக் கேட்ட குழந்தைகளுக்கே அந்தச் சொற்கள் நன்றாக நினைவில் நின்றன. அடுத்து என்ன நடக்கும் என்ற தவிப்பு தீர்ந்த பிறகுதான் குழந்தைக்குச் சொல்லைக் கவனிக்க நேரம் கிடைக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அதனால் வீட்டில் அதே கதையை நூறாவது தடவை கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் விழுங்கிவிட்டுக் காத்திருங்கள். பிள்ளையே அதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கும்.

பிள்ளைகளை விடப் பெரியவர்களிடம்தான் இப்போது எனக்குக் கவலை. இந்த வருஷம் ஐம்பது புத்தகம், அடுத்த வருஷம் நூறு என்று கணக்கு வைத்துக்கொண்டு வருகிறார்கள். படித்ததையே மறுபடி எடுத்தால் கணக்கில் ஒன்று குறைந்துபோகுமாம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கென்று ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது அதில் ஒன்று. ஒரே முறைதான் கொடுக்க வேண்டும் என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை!

‘நவில்தொறும் நூல்நயம் போலும்’ என்று தொடங்கும் குறளை யோசித்துப் பாருங்கள். வள்ளுவர் அங்கே பேச வந்தது நட்பைப் பற்றி. பழகப் பழக இனிக்கும் நட்பை விளக்க, படிக்கப் படிக்க நயம் தரும் நூலை உவமையாகக் காட்டுகிறார். தெரிந்ததைக் கொண்டு தெரியாததை விளக்குவதுதானே உவமை? அப்படியானால் மறுவாசிப்பின் ருசி அன்றைக்கே ஊரறிந்த சங்கதி.

எங்கள் நூலகத்தில் இந்த ருசிக்குச் சாட்சி ‘பொன்னியின் செல்வன்’. 1950இல் கல்கி இதழில் தொடராகத் தொடங்கிய கதை. புத்தகமாக ஐந்து பாகம். முதல் தடவை படிப்பவர்கள் வந்தியத்தேவனின் குதிரை வேகத்தில் ஓடுகிறார்கள். “ரெண்டாம் பாகம் யார்கிட்ட இருக்கு, எப்ப வரும்?” என்று தினமும் என் உயிரை எடுப்பார்கள். இரண்டாம் தடவைக்காரர்களிடம் அந்த அவசரம் இருக்காது. ஆழ்வார்க்கடியானையே எடுத்துக்கொள்ளுங்களேன். (இன்னும் படிக்காதவர்கள் அடுத்த பத்திக்குத் தாண்டிவிடுங்கள்.) முதலில் பார்க்கும்போது, கைத்தடியைச் சுழற்றிச் சைவர்களோடு வம்பு வளர்க்கும் வீர வைணவர், அவ்வளவுதான். முதன்மந்திரி அநிருத்தரின் ஒற்றன் என்று தெரிந்த பிறகு அதே பக்கங்களைப் புரட்டினால், அவர் வாயைப் பார்க்கத் தோன்றாது. காது எந்தப் பக்கம் இருக்கிறது என்றுதான் பார்ப்போம். எழுத்து ஒன்றுகூட மாறியிருக்காது, ஆனால் நாம் வேறு கதை படித்துக்கொண்டிருப்போம்.

எல்லாப் புத்தகமும் இப்படித் தாங்கும் என்று சொல்ல மாட்டேன். கல்லூரிக் காலத்தில் நான் தலையில் வைத்துக் கொண்டாடிய ஒரு நாவலைப் போன வருஷம் எடுத்தேன். நாற்பது பக்கம் தாண்டவில்லை. கஷ்டமாகத்தான் இருந்தது. சரி என்று மூடி வைத்துவிட்டேன்.

சொந்தப் பிரதி வைத்திருப்பவர்களுக்கு ஒரு யோசனை. படித்து முடித்த தேதியைக் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள். நூலகப் புத்தகத்தில் வேண்டாம், தயவுசெய்து.

அப்புறம், நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டோ ஓட்டும் வாசகர் ஒருவர் வருஷா வருஷம் ஆடி மாதம் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தை எடுத்துப்போவார். கதை ஆடிப் பதினெட்டில் தொடங்குவதால் அப்படி ஒரு வழக்கம். ஒரு வருஷம் புதுப் பிரதி வந்திருந்தது. முதுகு கிழிந்த பழையதைக் கழிவுக்கட்டில் போட்டுவிட்டுப் பெருமையாகப் புதியதை நீட்டினேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: “பழசு இல்லீங்களா சார்? அதுல குடந்தை சோதிடர் வர்ற பக்கத்துல டீக்கறை இருக்கும். எடுத்ததும் அங்க போயிடலாம்.”

நல்லவேளை, கட்டு இன்னும் வெளியே போகவில்லை. பிரித்துத் தேடி எடுத்தேன். தைத்து, புது அட்டை போட்டு அடுத்த வாரம் கொடுத்தேன். தேதிச் சீட்டில் இடமே இல்லை. அதன் மேலேயே இன்னொரு சீட்டு ஒட்ட வேண்டியிருந்தது. டீக்கறை யார் போட்டது என்று நான் விசாரிக்கவில்லை.