மண்ணுக்குள் இறங்கும் கள்ளி

என் முதல் அரியோகார்பஸ் கள்ளி செத்துப்போனது எனக்குப் பல நாள் தெரியவே இல்லை. வெடித்த சுண்ணாம்புக்கல் மாதிரி, எப்போதும் போலச் சாம்பல் நிறத்தில் உட்கார்ந்திருந்தது. ஒருநாள் விரலால் லேசாக அசைத்தேன். தலை மட்டும் கையோடு வந்துவிட்டது. அடியில் கிழங்கு கூழாகி நாறியது. தேங்காய் நார்க் கழிவில் நட்டு, வாரம் தவறாமல் தண்ணீர் ஊற்றியதன் பலன்.

அரியோகார்பஸ் ஃபிஸ்ஸுராட்டஸ், மேற்கு டெக்சாஸிலும் வடக்கு மெக்சிகோவிலும் விரிந்து கிடக்கும் சிவாவா பாலைவனத்துக் கள்ளி. வளர்ந்த செடியில் முள் கிடையாது. முக்கோண முண்டுகள் அடுக்கடுக்காகத் தரையோடு படிந்திருக்கும். 'உயிருள்ள கல்' என்பது அங்கே அதற்கு வழங்கும் பெயர். நம் கண்ணில் படுவது உச்சந்தலை மட்டும்தான். மீதி உடம்பு மண்ணுக்குள், முள்ளங்கி போலத் தடித்த ஆணிவேராக இருக்கிறது. தண்ணீரைச் சேர்த்து வைப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

அந்த வேர் சும்மா இருப்பதில்லை. அதன் செல்கள் நீளத்தில் குறுகி அகலத்தில் பருக்கின்றன. வேர் சுருங்கச் சுருங்க, தலை உள்ளே இழுபடுகிறது. மேலே வளர்கிற அளவுக்குக் கீழே இறங்கியும் விடுவதால், எத்தனை வயதானாலும் தரைமட்டத்தோடு நின்றுவிடும். ஆனால் பாலைவனத்தில் கடும் சூடு மண்ணின் மேற்பரப்பில்தானே இருக்கும்? அங்கே போய் ஒட்டிக்கொள்வதில் என்ன லாபம்? 2010-இல் வெளியான ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. புதைந்திருப்பது செடியைச் சூட்டிலிருந்து காப்பாற்றியது, கல் நிறைந்த மண்ணில்தான்.

அதனால் இப்போது என் தொட்டியில் முக்கால் பங்கு கல்தான்: பொடி ஜல்லி, பியூமிஸ் என்ற எரிமலை நுரைக்கல், கொஞ்சம் சுண்ணாம்புக்கல் துண்டு. தொட்டி அகலமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஆழம் வேண்டும். வேரும் தண்டும் சேரும் கழுத்தைச் சுற்றி வெறும் ஜல்லி. அழுகல் பெரும்பாலும் ஆரம்பிக்கும் இடம் அதுதான்.

சரி, தண்ணீர்? இதற்கு ஒரு பழைய கதை உண்டு, அதுவும் நம் பக்கத்துக் கதை. 1810களில் சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக வேலை பார்த்த தாவரவியலாளர் பெஞ்சமின் ஹைன், ரணகள்ளி இலையை மென்று பார்த்தார். காலையில் புளித்தது, நண்பகலில் சப்பென்று இருந்தது, சாயங்காலம் லேசாகக் கசந்தது. கள்ளிகளிலும் நடப்பது இதேதான். பகலில் தோலிலுள்ள மூச்சுத் துளைகளைத் திறந்தால் ஈரம் போய்விடும் என்பதால், இரவில் திறந்து கரியமில வாயுவை இழுத்து மாலிக் அமிலமாகச் சேமிக்கின்றன. விடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு, வெயிலின் உதவியோடு அந்த அமிலத்திலிருந்து சர்க்கரை செய்கின்றன.

இரவு குளிர்ந்தால்தான் இந்த வேலை நன்றாக நடக்கும். சிவாவா மேட்டு நிலம், ராத்திரி நன்றாகக் குளிரும். சென்னையின் மே மாத இரவில் செடி அரைகுறையாகத்தான் மூச்சு விடும். அப்போது வளரவில்லையே என்று ஊற்றினால், குடிக்க ஆளில்லாத தண்ணீர் வேரடியில் தேங்கும். வளர்கிற பருவத்திலும் முழுக்க நனைய ஊற்றி, அடிவரை காய்ந்த பிறகே அடுத்த முறை. அடைமழை நாட்களில் செடி கூரைக்குக் கீழே வந்துவிட வேண்டும்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பாலைவனத்திலிருந்து தோண்டிக் கடத்தப்படும் கள்ளிகளில் இது முக்கியமானது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் அரியோகார்பஸ் இனங்கள் அத்தனையும் இருக்கின்றன. தோண்டி எடுத்த செடியின் முண்டுகளில் தேய்மானமும் பழைய வடுக்களும் தெரியும், வேர் வெட்டுப்பட்டிருக்கும். விதையிலிருந்து வந்தது பளிச்சென்று சீராக இருக்கும், விலைக்கு ரொம்பச் சின்னதாகவும் இருக்கும். என்னுடைய இரண்டாவது செடி அப்படி வந்ததுதான். மூன்று வருடமாகிறது, இன்னும் பழைய ஒரு ரூபாய் நாணயம் அளவுதான்.