கண் மெதுவா, கேமரா மெதுவா?

கண் அசைவைக் கேமராவில் பதிவு செய்து அளக்கும் சோதனைக்குப் பிறகு, "விழித்தாவல் வேகம் குறைவு" என்று ஒரே வரியில் முடிந்த ரிப்போர்ட்டோடு பலர் எங்கள் பரிசோதனை அறைக்கு வருகிறார்கள். நரம்பு நோயோ என்ற பயம் அதற்குள் குடும்பம் முழுக்கப் பரவியிருக்கும். அந்த வேக எண் எந்தக் கேமராவில், எப்படி எடுக்கப்பட்டது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்குக் கண் சட்டென்று தாவுவதுதான் விழித்தாவல்; இதைச் சக்காடு என்போம். 10 டிகிரி தாவலுக்குச் சுமார் 45 மில்லிசெகண்டு ஆகும். உச்ச வேகம் நொடிக்கு 300 டிகிரிக்கு மேல் போகும். நொடிக்கு 60 படம் எடுக்கும் கேமராவில் இரண்டு படங்களுக்கு இடையே கிட்டத்தட்ட 17 மில்லிசெகண்டு. ஆக, தாவல் முழுவதற்கும் சிக்குவது இரண்டு மூன்று படங்கள். உச்ச வேகம் நடுவில் வந்து போயிருக்கும். கணக்கில் வருவது சராசரிதான். பதிவில் வரும் சிறு நடுக்கங்களை (இரைச்சலை) குறைக்க மென்பொருள் போடும் ஃபில்டர் அந்த உச்சியை இன்னும் கொஞ்சம் சீவிவிடும். ஒருவர் எங்கே பார்க்கிறார் என்று அறிய 60 படம் போதும். வேகத்தைச் சொல்ல 500, 1000 என எடுக்கும் கருவி வேண்டும்.

அப்புறம் காலிபரேஷன், அதாவது சோதனைக்கு முன் தெரிந்த புள்ளிகளைப் பார்க்கவைத்துக் கருவியைச் சரிப்படுத்துவது. அப்போது நோயாளி புள்ளியைச் சரியாகப் பார்க்காவிட்டால் 10 டிகிரி 8 ஆகப் பதிவாகலாம். வேகமும் அதே விகிதத்தில் குறையும். 1963-ல் ஆய்வாளர் டேவிட் ராபின்சன் கொண்டுவந்த காந்தப்புலக் காயில் முறை வீடியோ கேமராக்களைவிடத் துல்லியமானது. ஆனால் கம்பிச்சுருளைக் கண்ணிலேயே பொருத்த வேண்டும் என்பதால் நோயாளிகளுக்கு வீடியோதான் நடைமுறை.

எனக்கு அதிகக் கவலை தருவது மேல்கீழ்த் தாவல்கள். கீழே பார்க்கும்போது இமையும் இறங்கிக் கண்பாவையின் மேல்பகுதியை மறைக்கும். மென்பொருளோ தெரிகிற பகுதியின் மையத்தையே பாவையின் மையமாக எடுத்துக்கொள்ளும்; அதனால் கண்ணின் அசைவு தவறாகப் பதிவாகும். புரோகிரசிவ் சூப்ராநியூக்ளியர் பால்சி என்ற மூளை நோயில் பெரும்பாலும் முதலில் வேகம் குறைவது இந்தத் திசையில்தான். நோயைக் காட்ட வேண்டிய இடத்திலேயே கருவி தடுமாறுகிறது! அடர்த்தியான கண் மையைக்கூட அது பாவை என்று நினைத்துவிடும். மை போடாமல் வாருங்கள்.

தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, தூக்கமின்மை எல்லாம் தாவலை உண்மையாகவே மெதுவாக்கும். சோதனைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். எண்ணை மட்டும் வாங்காமல் கண் அசைவு பதிவான கிராஃபையும் கேட்டு வாங்குங்கள்.

சரி, எல்லாக் குறையையும் கேமரா மேல் போடலாமா? கூடாது. ஒரே சோதனையில் பக்கவாட்டுத் தாவல்கள் நல்ல வேகத்தில் இருந்து, மேல்கீழ்த் தாவல்கள் மட்டும் ஒவ்வொரு முறையும் மெதுவாக வந்தால், இமை மறைக்கவில்லை என்பது வீடியோவிலும் தெரிந்தால், தள்ளிப்போடாமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.