படகில் ஏறும்முன் கூரையைப் பாருங்கள்

பயணிகள் படகுகளை ஆய்வு செய்து சான்று கொடுப்பது என் தொழில். ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தில் தனியாகப் படகு எடுத்துச் சுற்றிவரப் போகிறோம் என்று சொல்லும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது எஞ்சினைப் பற்றித்தான். எந்த கம்பெனி, எத்தனை குதிரைத்திறன், நடுவழியில் நின்றுவிடாதே? நின்றாலும் படகு மிதக்கத்தான் செய்யும். நங்கூரத்தைப் போட்டுவிட்டு உதவிக்குக் காத்திருக்கலாம். ஒரே நேரத்தில் பலர் இறந்த சுற்றுலாப் படகு விபத்துகளை எடுத்துப் பாருங்கள். படகு கவிழ்ந்த கதைதான் திரும்பத் திரும்ப வரும். கவிழ்வதற்கான காரணத்தில் பாதி, படகு துறையை விட்டுக் கிளம்பும்முன்பே அதில் ஏறி உட்கார்ந்திருக்கும்.

2004 மார்ச் 6 அன்று அமெரிக்காவின் பால்டிமோரில் லேடி டி என்ற வாட்டர் டாக்ஸி, அதாவது துறைக்குத் துறை ஆட்களை ஏற்றி இறக்கும் சின்னப் படகு, கவிழ்ந்தது. கடல் ஓதம், அதாவது ஏறி இறங்கும் கடல்நீர், உள்ளே வந்து போகும் படாப்ஸ்கோ ஆற்றில், துறைமுகத்துக்குள்ளேயே நடந்தது அது. திடீரென்று காற்று வீசியது, படகு புரண்டது, 5 பேர் இறந்தார்கள். படகில் இருந்தவர்கள் 25 பேர். சான்றிதழ் அனுமதித்ததும் 25 பேர்தான். அடுத்த ஆண்டே, 2005 அக்டோபர் 2 அன்று, நியூயார்க் மாநிலத்தின் ஜார்ஜ் ஏரியில் ஈதன் ஆலன் என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 20 பயணிகள் இறந்தார்கள். நல்ல வெயில், அமைதியான தண்ணீர். அங்கேயும் சான்றிதழில் இருந்த எண்ணிக்கையைத் தாண்டி ஆள் ஏற்றவில்லை.

அப்படியானால் எங்கே பிழை? இரண்டு விசாரணைகளிலும் ஒரே கணக்கு அகப்பட்டது. ஒரு பயணியின் சராசரி எடை 140 பவுண்டு, அதாவது சுமார் 64 கிலோ என்று வைத்துத்தான் எத்தனை பேர் ஏறலாம் என்று முடிவு செய்திருந்தார்கள். பல பத்தாண்டுகளுக்கு முந்தைய கணக்கு அது. மனிதர்கள் அதற்குப் பிறகு கனத்துவிட்டார்கள். எத்தனை பேர் ஏறலாம் என்று படகுக்குள் மாட்டியிருந்த பலகை மாறவில்லை. 2011-இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை அந்தச் சராசரியை 185 பவுண்டாக, கிட்டத்தட்ட 84 கிலோவாக உயர்த்தியது.

ஈதன் ஆலனில் இன்னொன்றும் இருந்தது. முதலில் அதற்குத் துணிக் கூரை. பிறகு அதை மாற்றிக் கனமான மரக் கூரை போட்டார்கள். வெயிலுக்கு நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் உயரத்தில் ஏறும் ஒவ்வொரு கிலோவும், சாய்ந்த படகு நிமிர்வதற்கான பலத்தைத் தின்கிறது. மாற்றத்துக்குப் பிறகு மறுபடி கணக்குப் பார்த்திருந்தால் வெறும் 14 பேருக்குத்தான் அனுமதி கிடைத்திருக்கும் என்று விசாரணை சொன்னது. சான்றிதழில் இருந்த எண் 48. ஒரு படகு கடந்துபோன அலை, ஒரு திருப்பம். நீள பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் அப்படியே ஒரு பக்கம் சரிந்தார்கள். அவ்வளவுதான்.

கேரளத்தின் தானூரில் 2023 மே 7 அன்று இரவு ஆற்று முகத்துவாரத்தின் அருகே 22 பேரைப் பலிகொண்ட படகு, மீன்பிடிப் படகை மாற்றிச் செய்த இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு. அதில் அளவுக்கு மீறியும் ஆள் ஏற்றியிருந்தார்கள். மீன்பிடிப் படகில் சுமை அடிவயிற்றில் கிடக்கும். ஐஸும் மீனும் படகைக் கீழ்நோக்கி அழுத்தி நிறுத்தும். அதே உடலின் மேல் ஒரு மாடி கட்டி, அங்கே காட்சி பார்க்கும் கூட்டத்தை நிறுத்தினால் பாரம் தலைகீழாகிவிடுகிறது. மாடி வைத்த சின்னப் படகு எதைப் பார்த்தாலும், இது முதலில் எதற்காகக் கட்டிய படகு என்று கேட்காமல் நான் அதில் ஏறுவதில்லை.

ஏட்டுக்கணக்கு எதுவும் தெரியாதவர்களும் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. துறையில் நின்றபடி, உங்களுக்கு முன்னால் ஆட்கள் ஏறும்போது படகு ஆடுவதைக் கவனியுங்கள். வெடுக்கென்று சாய்ந்து வெடுக்கென்று நிமிர்ந்தால் வயிற்றைப் புரட்டும், ஆனால் அது உறுதியான படகு. சாவகாசமாகச் சாய்ந்து, அங்கேயே ஒரு நொடி தங்கி, யோசித்து யோசித்து நிமிர்கிற படகுதான் ஆபத்து. பயணிகள் இதற்கு நேர்மாறாக நினைப்பார்கள்: மெதுவாக ஆடினால் சொகுசு என்று. ஆட்கள் ஏறி முடித்த பிறகும் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கிறது என்றால், அடித்தட்டில் தண்ணீர் தேங்கியிருக்கலாம். ஒரு விரல் அளவு தண்ணீர்கூட சாய்கிற பக்கமே ஓடி, சாய்வைக் கூட்டும். தரைப் பலகையைத் தூக்கிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இதெல்லாம் எந்த நீர்நிலைக்கும் பொருந்தும். கழிமுகத்துக்கென்று தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. காலையில் நீங்கள் போன வழி, மாலையில் அதே வழியாக இருக்காது. நாளுக்கு இரண்டு முறை ஓதம் ஏறி வற்றும் இடங்களில், ஏறுவதற்கும் வற்றுவதற்கும் தலா ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் பிடிக்கும். தண்ணீர் சீராக இறங்குவதில்லை. முதல் ஒரு மணி நேரத்தில் மொத்த இறக்கத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் போகும். நடுவில் வரும் இரண்டு மணி நேரத்தில் சரிபாதி போய்விடும். "இப்போதுதான் வற்ற ஆரம்பித்திருக்கிறது, நேரம் இருக்கிறது" என்று மணல்திட்டில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருப்பவர்கள் படகு தரைதட்டி மாட்டிக்கொள்வது இப்படித்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இந்த வேகம் இன்னும் கூடும்.

தரைதட்டினால் பொழுதுதான் வீணாகும். முகத்துவாரம் அப்படியில்லை. ஆறும் கடலும் சந்திக்கும் வாயில் பெரும்பாலும் மணல் மேடு படிந்திருக்கும். வற்றும் நீர் வேகமாக வெளியே பாயும்போது கடலிலிருந்து எதிர்க்காற்று அடித்தால், அலைகள் நெருங்கி, செங்குத்தாக எழுந்து, அந்த மேட்டின் மேல் உடையும். உள்ளே கண்ணாடி போல் தண்ணீர் கிடக்கும்போதே வாயில் இது நடந்துகொண்டிருக்கும். உள்ளிருந்து பார்த்தால் அலையின் முதுகுதான் தெரியும், முகம் தெரியாது. அதனால், "கொஞ்சம் வாய் வரைக்கும் போய்ட்டு வரலாமா?" என்று படகோட்டியைக் கெஞ்சாதீர்கள். அவர் மறுத்தால் நல்ல படகோட்டி. கூடக் காசு கொடுத்தால் போகலாம் என்றால், அந்த ஆளை நம்பி உள்ளே சுற்றுவதையும் மறுபரிசீலனை செய்யலாம்.

லைஃப் ஜாக்கெட் பற்றிச் சொன்னால் போரடிக்கும், தெரியும். கட்டாயம் போடுங்கள், இடுப்புப் பட்டையைக் கட்டுங்கள், குழந்தைகளுக்குக் கால்களுக்கிடையே வரும் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஜாக்கெட்டின் மிதக்கவைக்கும் விசையை நியூட்டன் என்ற அளவில் எழுதியிருப்பார்கள். 50 நியூட்டன் என்று எழுதியிருப்பது நீந்தத் தெரிந்தவர்களுக்கான மிதவை உதவி மட்டுமே. மற்றவர்களுக்குக் குறைந்தது 100 வேண்டும். பலர் சொல்லாத விஷயம் ஒன்று: மூடிய அறைக்குள் இருக்கும்போது படகு கவிழ்ந்தால், அதே ஜாக்கெட் உங்களைத் தண்ணீருக்கு மேலே தள்ளி, தலைகீழான படகின் அடித்தட்டோடு ஒட்டவைத்துவிடும், வெளியே வர மூழ்கியாக வேண்டும், அது மூழ்கவிடாது. இதற்காக ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். கண்ணாடி அடைத்த அறையை விட்டுத் திறந்த ஓரமாக உட்காருங்கள்.

நீங்களே ஓட்டும் வாடகை ஸ்பீட் போட் என்றால் எஞ்சினை அணைக்கும் சுவிட்சில் சுருள் கயிறு ஒன்று தொங்கும். அதன் மறுமுனையை ஓட்டுபவர் காலிலோ இடுப்பிலோ மாட்டிக்கொள்ள வேண்டும்; அவர் தூக்கி எறியப்பட்டால் எஞ்சின் அணைந்துவிடும். 2013 மே மாதம் இங்கிலாந்தின் கேமல் கழிமுகத்தில் ஒரு குடும்பத்தின் ஆறு பேரும் படகிலிருந்து தண்ணீரில் வீசப்பட்டார்கள். கயிறு மாட்டப்படவில்லை. ஆளில்லாத படகு வட்டமடித்துத் திரும்ப வந்து அவர்கள் மேலேயே ஏறியது. இருவர் இறந்தார்கள். மாட்டுவதற்கு இரண்டு நொடி ஆகும்.

வாட்டர் டாக்ஸியில் எனக்குப் பிடிக்காத நேரம், துறை நெருங்கும் நேரம். எல்லோரும் ஒரே சமயத்தில் எழுந்து, பையைத் தூக்கிக்கொண்டு, இறங்கும் பக்கமே குவிவார்கள். எழுந்து நின்றால் பாரம் மேலே போகிறது, குவிந்தால் ஒரு பக்கம் போகிறது. ஒரு படகைக் கவிழ்க்க நினைப்பவன் செய்யக்கூடிய இரண்டையும் நாமே செய்கிறோம். கயிறு கட்டி முடிக்கும்வரை உட்கார்ந்திருங்கள். விரல்களைப் படகின் விளிம்புக்கு வெளியே விடாதீர்கள். படகு துறையில் உரசும்போது நசுங்கும்.

அப்புறம் ஒன்று, இதைப் பயணத்துக்கு முன்பே செய்ய வேண்டும். எத்தனை பேர் ஏறினார்கள் என்று கரையில் யாராவது எழுதிவைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ஏதாவது நடந்தால், எத்தனை பேரைத் தேட வேண்டும் என்றே தெரியாமல் மீட்புக் குழுவினர் தவிப்பார்கள். ஏடு இல்லை என்றால், உங்கள் குழுவில் இருப்பவர்களின் பெயர், படகின் பெயர், திரும்பும் நேரம் மூன்றையும் கரையில் இருக்கும் ஒருவருக்கு மெசேஜ் அனுப்பிவிட்டு ஏறுங்கள்.