வலி எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு பட்டறையில் வேலை செய்கிற ஒருவர் நொண்டிக்கொண்டே வந்தார். "காலுக்குள்ள கரண்டு ஓடற மாதிரி இருக்குங்க, தும்மினா உயிரே போகுது" என்றார். எங்கே என்று கேட்டதும் பிட்டத்தில் விரலை வைத்து, தொடையின் பின்பக்கம், கெண்டைக்கால் என்று ஒரே கோடாக இழுத்துப் பெருவிரலில் நிறுத்தினார். அந்தக் கோட்டில் ஓடும் நரம்பு வலிதான் சயாட்டிகா. ஆனால் 2 வாரமாக அவர் எண்ணெய் தேய்த்தது கெண்டைக்காலில்.

கோளாறு காலில் இல்லை, இடுப்பில். முதுகெலும்பின் கீழ்ப்பகுதியிலிருந்து கிளம்பிக் காலுக்கு இறங்கும் இந்த நரம்புதான் உடம்பிலேயே பருமனானது. பெரும்பாலும் எலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டு (டிஸ்க்) பிதுங்கி, நரம்பின் வேரை அழுத்துகிறது. நாள் முழுக்கத் தரையில் குனிந்து உட்காருகிறவர்களுக்கு அந்த அழுத்தம் கூடும்.

எல்லாக் கால்வலியும் இது இல்லை. சர்க்கரை உள்ளவருக்கு இரண்டு பாதமும் எரிந்தால் அது வேறு. கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் ரத்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டும்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? வலி கடுமையாக இருந்தால் ஓரிரு நாள் ஓய்வு போதும். அதற்கு மேல் படுத்தே கிடந்தால் குணமாவது தள்ளித்தான் போகும். மல்லாந்து படுத்து முழங்காலுக்குக் கீழே 2 தலையணை வையுங்கள். ஒருக்களித்துப் படுத்தால் முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று. ஒத்தடம் 15 நிமிடம், இடுப்புக்கு. மரத்துப்போன காலுக்கு வேண்டாம், சூடு தெரியாமல் வெந்துவிடும். வீட்டுக்குள்ளேயே அவ்வப்போது ஐந்து நிமிடம் நடங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள். கூலி கணக்கில் உட்காருகிறவருக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

அப்புறம், குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி ஒரு நிமிடம் நெஞ்சை மட்டும் தூக்கிப் பாருங்கள். பாதத்தில் இருந்த வலி தொடைக்கு, தொடையிலிருந்து இடுப்புக்கு ஏறுகிறதா? இடுப்பு கொஞ்சம் கூடுதலாக வலித்தாலும் அது நல்ல சேதி, தொடருங்கள். கீழே இறங்கினால் உடனே நிறுத்துங்கள். குடத்தைக் குனிந்து தூக்காதீர்கள். குழந்தையை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்லாதீர்கள். மெடிக்கலில் தினம் வலி மாத்திரை வாங்கிப் போட்டால் வயிறும் சிறுநீரகமும் கெடும். பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரத்தில் ஆபரேஷன் இல்லாமலே நன்றாகக் குறைந்துவிடுகிறது.

ஆனால் வலி குறைவதை மட்டும் நம்பாதீர்கள். ஏற்காட்டில் காபித் தோட்ட வேலை செய்கிற ஒரு அம்மா, வலி போய்விட்டது என்று சந்தோஷமாக வந்தார். "செருப்புதான் கால்ல நிக்க மாட்டேங்குது" என்றார். குதிகாலை ஊன்றிப் பாதத்தைத் தூக்கச் சொன்னேன். வலது பாதம் எழவில்லை. நரம்பு பலம் இழந்துகொண்டிருந்தது. அன்றே எலும்பு மருத்துவரிடம் அனுப்பினேன். நீங்களும் தினம் ஒருமுறை குதிகாலால் பத்தடி, முன்காலால் பத்தடி நடந்து பாருங்கள்.

சிறுநீர் வராமல் நின்றுபோனாலோ, தெரியாமலே போனாலோ, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போனாலோ அது அவசரம். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஏற்காட்டில் இருந்தால் 108-ஐக் கூப்பிட்டு, 20 கொண்டை ஊசி வளைவையும் அந்த ராத்திரியிலேயே இறங்கிவிடுங்கள்.