எச்1என்1-இல் அந்த ‘எச்’ எது?

2009-இல் பன்றிக் காய்ச்சல் பரவியதிலிருந்து எச்1என்1 என்ற பெயர் வீட்டுப் பேச்சுக்கே வந்துவிட்டது. அதில் ‘என்’ நியூராமினிடேஸ், ‘எச்’ ஹீமாக்ளூட்டினின். இரண்டும் ஃப்ளூ வைரஸின் மேலுறையில் முள்முள்ளாகக் குத்திட்டு நிற்கும் புரதங்கள். இங்கே எடுத்துக்கொள்வது இரண்டாவதை.

‘ஹைமா’ என்றால் கிரேக்கத்தில் குருதி. ஹீமோகுளோபினில் இருப்பதும் அதுதான். ‘குளூட்டன்’ லத்தீனில் பசை. பரோட்டாவுக்குப் பிசைந்த மைதா அறுபடாமல் இழுபடுகிறதே, அதற்குக் காரணமான பொருளுக்கும் அதே பெயர். ‘அக்ளூட்டினரே’ என்பது ஒன்றோடொன்றை ஒட்டவைத்தல். மொழியியலார் இதே வேரிலிருந்து எடுத்த சொல்லைத்தான் தமிழ் போன்ற மொழிகளுக்கும் சூட்டினார்கள். வீடு, கள், இல், இருந்து என்று ஒட்டிக்கொண்டே போய் ‘வீடுகளிலிருந்து’ ஆகிறதல்லவா? அதை நாம் ‘ஒட்டுநிலை மொழி’ என்கிறோம்.

காய்ச்சல் கிருமியின் புரதத்துக்குக் குருதிப் பசை என்ற பெயர் வந்தது ஒரு தற்செயலால். 1941-இல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஜார்ஜ் ஹர்ஸ்ட் கருவுற்ற கோழிமுட்டைகளில் ஃப்ளூ வைரஸை வளர்த்துவந்தார். முட்டையிலிருந்து நீரை எடுக்கும்போது இரத்தநாளம் கிழிந்து குருதி கலந்தது. சிவப்பணுக்கள் கொத்துக்கொத்தாகச் சேர்ந்துகொண்டன. அதே ஆண்டில் கனடாவில் மெக்லெலண்ட், ஹேர் இருவரும் தனியே இதைக் கண்டார்கள். சிவப்பணுக்களைச் சேர்த்துக்கட்டும் பொருள்கள் அதற்கு முன்பே தெரிந்தவைதான். ஆமணக்கு விதைச் சாறு அப்படிச் செய்வதை 1888-இலேயே பார்த்திருந்தார்கள்.

தமிழில் என்ன சொல்வது? ‘குருதி உறைவி’ என்று எழுதினால் அது தவறு. உறைதல் வேறு, திரளுதல் வேறு. தயிரும் வெண்ணெயும் அறிந்த வீட்டில் இதை விளக்க வேண்டியதில்லை. பால் உறைந்தால் பாத்திரம் முழுக்கக் கட்டியாகிவிடும். மோர் கடையும்போது மோர் மோராகவே இருக்க, அதில் மிதந்த கொழுப்பு மட்டும் ஒன்றுசேர்ந்து திரளும். வைரஸ் செய்வது இரண்டாவது வேலை: நீர் நீராகவே இருக்கிறது, அணுக்கள் மட்டும் சேர்கின்றன. ஆகவே ‘குருதித்திரட்டி’ என்பதே என் தேர்வு.

இதை ஆய்வகத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். சின்னச் சின்னக் குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் சிவப்பணுக் கரைசலை விடுவார்கள். வைரஸ் இல்லாத குழியில் அணுக்கள் சரிந்து இறங்கி, அடியில் குங்குமப் பொட்டுபோல நிற்கும். வைரஸ் இருந்தால் பொட்டு விழாது. அணுக்கள் வலைபோலப் பின்னிக்கொண்டு குழி முழுக்க வெளிறிய சிவப்பாகப் பரவி நிற்கும். தடுப்பூசிக்கு வைரஸ் வகைகளைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் இந்த முறை இன்றும் உண்டு.

வைரஸ் பற்றுவது செல்லின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலியின் நுனியை. அங்கே இருப்பது சியாலிக் அமிலம். ‘சியாலோன்’ கிரேக்கத்தில் உமிழ்நீர்; சுவீடனின் குன்னார் பிளிக்ஸ் மாட்டின் உமிழ்நீர்ச் சுரப்பிக் கோழையிலிருந்து இதைப் பிரித்தெடுத்ததால் அந்தப் பெயர். சிவப்பணுவின் மேலும் அது இருப்பதால்தான் முட்டைக்குள் அந்த வேடிக்கை நடந்தது. ஒரு முள்ளின் பிடி மிகப் பலவீனம். பல முட்கள் ஒருசேரப் பிடிக்கும்போதுதான், வேட்டியில் ஏறிய நாயுருவி மாதிரி, வைரஸ் விடாமல் நிற்கிறது.

இந்த நுனியைப் பாடநூல்கள் ‘ஏற்பி’ என்கின்றன. ஹார்மோனுக்கு அது பொருந்தும்; அங்கே செல் ஏற்கத்தான் காத்திருக்கிறது. வைரஸை யார் ஏற்றார்கள்? ‘பற்றிடம்’ என்றால் இன்னும் நேராக இருக்கும். ஆனால் ‘ஏற்பி’ வேரூன்றிவிட்டது. நானும் அதையேதான் எழுதுகிறேன்.

சியாலிக் அமிலம் அடுத்த சர்க்கரையான காலக்டோஸோடு எப்படி இணைகிறது என்பதில் பெரிய சங்கதி இருக்கிறது. மனிதனின் மூக்கிலும் தொண்டையிலும் பெரும்பாலும் 2,6 இணைப்பு (இரண்டிலும் எந்தெந்தக் கார்பன் அணுக்கள் இணைகின்றன என்பதற்கான எண்கள் இவை). பறவைகளின் குடலில் 2,3. பறவைக் காய்ச்சல் வைரஸ் பின்னதையே நாடுவதால் மனிதரிடையே எளிதில் தொற்றுவதில்லை. ஆனால் நம் நுரையீரலின் ஆழத்திலும் 2,3 உண்டு. அதுவரை போய்விட்டால் நோய் கடுமையாகிறது.

பற்றினால் மட்டும் போதாது, விடவும் தெரிய வேண்டும். புதிதாகப் பிறந்த வைரஸ்கள் தாய்ச் செல்லிலேயே ஒட்டிக்கிடக்காமல் சியாலிக் அமிலத்தை வெட்டிவிடுவது ‘என்’. ஓசெல்டாமிவிர் மாத்திரை தடுப்பது இந்த வெட்டலைத்தான்.

பெயரில் ஒரு சிக்கல் பாக்கியிருக்கிறது. 2012, 2013 ஆண்டுகளில் குவாத்தமாலா, பெரு நாட்டு வௌவால்களில் இரண்டு புதிய வகைகள் தெரியவந்தன. அவை சியாலிக் அமிலத்தைப் பற்றுவதேயில்லை. சிவப்பணுக்களைத் திரட்டுவதும் இல்லை. ஆனாலும் அவற்றுக்கு எச்17, எச்18 என்றே பெயர்.